களத்து வெயில்

வெயில் சாயத் தொடங்கினால் என்னால் வீட்டுக்குள் இருக்க முடிவதில்லை. புத்தகத்தை எடுப்பேன், வைப்பேன். மின்விசிறியைக் கூட்டுவேன், குறைப்பேன். கடைசியில் செருப்பை மாட்டிக்கொண்டு வாசலுக்கு வந்துவிடுவேன்.

"வேன் வர இன்னும் எம்புட்டு நேரம் கிடக்கு. இப்பவே எங்க கிளம்பிட்டீக?" என்று மனைவி உள்ளேயிருந்து கேட்பாள். எங்கே என்று அவளுக்குத் தெரியும்.

பஸ் நிறுத்தம் வரை நடப்பேன். பட்டாசு கம்பெனி வேன் வந்து எங்கள் ஊர்ப் பெண்களை இறக்கிவிடும் வரை அங்கேயே உலாத்துவேன். இறங்குகிறவர்களில் ஒருத்தியை மட்டும் தேடுவேன். அவள் எனக்கு மகளும் அல்ல, மருமகளும் அல்ல. பள்ளியில் என்னிடம் இயற்பியல் படித்தவள், எங்கள் ஊரில் வாழ்க்கைப்பட்டவள், அவ்வளவுதான். ஆனால் அவள் அந்த வேனில் ஏறக் காரணம் நான். அதை எழுதிவிடலாம் என்றுதான் உட்கார்ந்திருக்கிறேன். எழுதுவதற்கு நடுவிலேயே இரண்டு முறை எழுந்து போய் ரோட்டைப் பார்த்துவிட்டு வந்தேன்.

எங்கள் ஊர் ஆமத்தூரைத் தாண்டி உள்ளே இருக்கிறது. நான் மேல்நிலைப் பள்ளியில் ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன். மனைவி அரசு மருத்துவமனையில் நர்சாக இருந்தவள். ஓய்வுக்குப் பிறகு இங்கேயே வீட்டைப் பெரிதாகக் கட்டிக்கொண்டோம். வீட்டுக்கு மேற்கே பஞ்சாயத்துப் புறம்போக்கு. அதில் மூன்று பெரிய வேம்புகள். எங்கள் பக்கத்தில் மேற்கு வெயில் எப்படிப்பட்டது என்று இங்கே இருப்பவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மத்தியானத்துக்கு மேல் சுவரைத் தொட முடியாது. எங்கள் மேற்குச் சுவரை மட்டும் தொடலாம். மூன்று மரமும் அதன்மேல் நிழலைப் போட்டுவிடும். அந்தச் சுவருக்கு இந்தப் பக்கம்தான் என் கட்டில்.

பஞ்சாயத்தில் தெருவிளக்குக்கும் தண்ணீர் மோட்டாருக்கும் ஆகிற மின்கட்டணத்தைச் சமாளிக்கச் சூரிய மின்சாரத் திட்டம் ஒன்று வந்தது. பஞ்சாயத்துத் தலைவர் ஒரு பெண்மணி. அவருக்கு இதே பஞ்சாயத்தைச் சேர்ந்த இன்னொரு ஊர். ஒன்றிய அலுவலகத்து ஓவர்சீயரையும் கூட்டிக்கொண்டு ஒரு காலையில் என் வீட்டுக்கு வந்தார்.

"சார், சோலாரு போட ரெண்டு இடம் பார்த்திருக்கோம். ஒண்ணு பஸ் ஸ்டாப்புக்கு எதுத்தாப்புல இருக்கிற களம். இன்னொண்ணு உங்க வீட்டுப் பக்கத்துப் புறம்போக்கு. நீங்க இதெல்லாம் படிச்சவக. எது தோதுன்னு நீங்க சொன்னாப் போதும், அப்படியே எழுதிருவோம்."

தோதான இடம் புறம்போக்குதான். நல்ல நீளம். தெற்கு ஓரத்து வேம்பு ஒன்றை எடுத்துவிட்டு, மற்ற இரண்டில் கிளைகளைக் கழித்தால் தகடுகளின் மேல் நிழல் விழாது. அன்று காலை மரங்களைப் பார்த்தபோதே எனக்கு அது தெரிந்துவிட்டது. இப்படி நிழலின் நீளம் கணக்கிடுவதைத்தான் வருடக்கணக்காகக் கரும்பலகையில் போட்டுக் காட்டியிருக்கிறேன்.

"அந்த எடத்துல போட்டா மரம் எல்லாத்தையும் வெட்டணுமா சார்?" என்று தலைவர் கேட்டார்.

"மூணையும் வெட்டணும்மா" என்றேன். அதோடு நிறுத்தவில்லை. "மரத்த வெட்டிட்டா சுத்தமான மின்சாரம் எடுக்கிறது? நாளைக்கு நம்ம பிள்ளைக கேக்காதா?" என்றும் சொன்னேன்.

தலைவர் மரங்களை நிமிர்ந்து பார்த்தார். அவர் முகம் இளகியது. நல்ல மனுஷி.

ஓவர்சீயர் மட்டும் கேட்டார். "களத்துல ஏதும் காயப் போடுறாகளா சார்?"

"நான் விடியக்காலம் நடக்கப் போறப்பல்லாம் அது சும்மாதான் கிடக்கு."

இதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை. விடியற்காலையில் களம் சும்மாதான் கிடக்கும். ஏனென்றால் வெயில் ஏறிய பிறகுதான் பெண்கள் குழாய்களைக் கொண்டுவந்து பரப்புவார்கள்.

அந்தக் குழாய்களைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். வெடிக்குள் மருந்து அடைக்கிற காகிதக் குழாயை எங்கள் ஊர்ப் பெண்கள் வீட்டிலிருந்தே செய்து கொடுப்பார்கள். ஏஜென்ட் தாள் கட்டை இறக்கிவிட்டுப் போவார். மைதாப் பசை தடவி, கம்பியில் சுற்றி, உருவி எடுத்தால் குழாய். வீட்டுக்கு மருந்து வராது, தாளும் பசையும் மட்டும்தான். பயமில்லாத வேலை. ஆனால் ஈரக் குழாய் நல்ல வெயிலில் நாள் முழுக்கக் காய வேண்டும். ஓட்டு வீடுகளும் குறுகிய தெருக்களுமாக இருக்கிற ஊரில் அதற்கு இருந்த ஒரே இடம், முன்பு கடலையும் மல்லியும் காயப்போடக் கட்டிய அந்தச் சிமெண்டுக் களம். பகலில் அந்த வழியாகப் போனால் தரையே தெரியாது. பசையின் புளித்த வாடை எங்கள் வீடு வரை வரும். எனக்குத் தெரியாது என்று சொல்லவே முடியாது.

அந்தப் பெண்களும் சூரிய சக்தியைத்தான் பயன்படுத்திக்கொண்டிருந்தார்கள். அதற்கு மின்கம்பியும் தகடும் இல்லாததால் என் கணக்கில் வரவில்லை.

மே தினத்துக் கிராம சபை தலைவரின் ஊரில் நடந்தது. எங்கள் ஊர்ப் பெண்கள் ஆர்டர் முடிக்கிற அவசரத்தில் யாரும் போகவில்லை. நான் போனேன். "ஒத்த மரத்தக்கூட வெட்டாம திட்டம் கொண்டாரோம், சார் சொன்ன யோசன" என்று தலைவர் சொல்ல, எல்லோரும் கை தட்டினார்கள். அடிக்கல் நாட்டு விழாவில் எனக்குச் சால்வை போட்டார்கள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் போதகர் என்னைச் சுட்டிக்காட்டி, படைப்பைப் பேணுகிறவர்களுக்காக ஜெபித்தார். நான் கண்ணை மூடிக்கொண்டிருந்தேன். எல்லோரும் மூடியிருந்ததால் அது வித்தியாசமாகத் தெரியவில்லை.

வேலை தொடங்கிய அன்றே களத்தை ஒட்டி இருக்கிற வீட்டு அம்மா என்னைத் தேடி வந்துவிட்டார். என் மாணவியின் மாமியார் அவர்தான். பேச்சில் அவரை யாரும் ஜெயிக்க முடியாது. வாசலில் நின்றே ஆரம்பித்தார்.

"சாரு, களத்துல இரும்புக் கால நடுறாக. கேட்டா நீங்க சொன்ன எடம்ங்கிறாக. நாங்க குழாய எங்க கொண்டு போயிக் காயப்போட, எங்க தலையிலயா? நீங்க ஒரு வார்த்த சொன்னா நிப்பாட்டுவாகல்ல?"

அப்போதுகூட நிறுத்தியிருக்கலாம். கால்களை மட்டும்தான் நட்டிருந்தார்கள்.

"அரசாங்க வேலைம்மா. தொடங்கியாச்சு, இனி மாத்த முடியாது" என்றேன். "வரிசைக்கு நடுவுல இடம் இருக்கும்ல, அங்கன காயப்போடுங்க."

அவர் என்னை நம்பித் திரும்பிப் போனார். அதை நினைத்தால்தான் இப்போதும் எழுந்து நடக்க வேண்டியிருக்கிறது.

நடுவில் போட்டுப் பார்த்தார்கள். வெயில் நகர நகரத் தகட்டு நிழலும் நகர்ந்தது. ஒரு பாதி காய்ந்து மறுபாதி ஈரமாக நின்ற குழாய்கள் வளைந்துபோயின. வளைந்த குழாயில் மருந்து சீராக இறங்காது என்று ஏஜென்ட் மூட்டையோடு திருப்பிக் கொடுத்தார். பிறகு ரோட்டு ஓரத்தில் காயப்போட்டார்கள். தண்ணீர் லாரி ஒன்று அதன்மேல் ஏறிப் போனது. அதற்குள் பாதுகாப்புக்காகக் களம் முழுவதையும் சுற்றிக் கம்பிவேலி போட்டுவிட்டார்கள். தகடுகள் இருந்தது தெற்குப் பாதியில்தான். வடக்குப் பாதி இரண்டாம் கட்டத்துக்கு என்று காலியாகக் கிடந்தது. அதற்கும் சேர்த்தே பூட்டு.

"நல்ல சோலாரு" என்றார் மாமியார், என்னை வழியில் பார்த்து. "சூரியன வேலிக்குள்ள அடச்சு வச்ச ஊரு இது ஒண்ணுதான் சாரு."

ஏஜென்ட் ஆர்டரை வேறு ஊருக்குக் கொடுத்துவிட்டார். வயதானவர்கள் வீட்டில் இருந்தார்கள். இளம்பெண்களைத் தேடிக் கம்பெனி வேன் வந்தது. நாரணாபுரத்துக்கு அப்பால் ஒரு பட்டாசு கம்பெனி. மாணவியின் கணவனுக்குத் திருத்தங்கலில் அச்சகத்தில் லோடு ஏற்றுகிற வேலை. ஒருவர் சம்பளத்தில் இரண்டு பிள்ளைகளைப் படிக்க வைக்க முடியாது. அவளும் வேனில் ஏறினாள். வீட்டில் வெறும் குழாயைச் சுற்றிக்கொண்டிருந்தவள், இப்போது அங்கே அதே குழாயில் மருந்து அடைக்கிறாள்.

தெருவிளக்குகள் நன்றாக எரிந்தன. அதையும் சொல்ல வேண்டும். தண்ணீர் தடையில்லாமல் வந்தது. திட்டத்தில் எந்தக் குறையும் இல்லை. குறை இடத்தில்தான். இடத்தைச் சொன்னவன் வேப்ப நிழலில் மத்தியானத் தூக்கம் போட்டான்.

தூக்கம் முதலில் நின்றது. எங்கள் பக்கம் வெடிச்சத்தம் புதிதல்ல. சத்தம் கேட்டால் முதலில் திசையைப் பார்ப்போம், பிறகு வானத்தில் புகை எழுகிறதா என்று பார்ப்போம், பிறகு யார் யார் எங்கே வேலைக்குப் போயிருக்கிறார்கள் என்று மனதுக்குள் ஓட்டிப் பார்ப்போம். இத்தனை வருடம் என் பட்டியலில் யாரும் இருந்ததில்லை. இப்போது ஒருத்தி இருந்தாள். கதவு காற்றில் அடித்தால்கூட எழுந்து உட்கார்ந்தேன்.

ஒரு மத்தியானம் நிஜமாகவே சத்தம் கேட்டது. ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. சட்டை போடாமலேயே தெருவுக்கு ஓடி, பாதி வழியில் துண்டைப் போர்த்திக்கொண்டேன். பஸ் நிறுத்தத்தில் ஏற்கனவே கூட்டம். மாமியார் வேலிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். கையில் செல்போன்.

"ரிங்கு போகுது சாரு. எடுக்க மாட்டேங்கிறா."

"எடுக்க மாட்டாம்மா. கம்பெனி வாசல்லயே போன வாங்கி வச்சுருவாகல்ல."

"அதுவும் தெரியும். சும்மா இருக்க முடியலையே, அதான் அடிச்சுக்கிட்டே இருக்கேன்."

நானும் என் போனில் அதே எண்ணை அழைத்தேன். பூட்டிய பெட்டிக்குள் எங்கோ அது ஒலித்துக்கொண்டிருந்திருக்கும். அவரும் நானும் மாறி மாறி அழைத்துக்கொண்டே இருந்தோம். எங்களுக்கு முன்னால் தகடுகள் வெயிலில் மின்னிக்கொண்டிருந்தன.

வெகுநேரம் கழித்து பைக்கில் வந்த ஒருவன் சொன்னான். "கல்குவாரில வெடி வச்சிருக்கான் அத்த. இன்னைக்கு மருந்தக் கூடுதலாப் போட்டுட்டானாம். கம்பெனி ஒண்ணும் ஆகல."

மாமியார் அப்படியே தரையில் உட்கார்ந்தார். பிறகு என்னைப் பார்த்தார். "நீங்க ஏன் சாரு இம்புட்டு வேர்த்துப்போயி நிக்கிறீக? உங்க வீட்டுல யாரும் போகலையே?"

அன்று சொல்லவில்லை. வீட்டுக்கு வந்து மனைவியிடம் முதலில் சொன்னேன். மூன்று மரம் வெட்ட வேண்டியதில்லை, ஒன்று போதும் என்று எனக்கு அப்போதே தெரியும் என்றேன். அவள் மருந்து மாத்திரையைப் பிரித்துக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

"எனக்கும் தெரியும்."

"உனக்கு எப்படித் தெரியும்?"

"மரத்தப் பத்தி நீங்க இம்புட்டு உருக்கமா என்னைக்குப் பேசியிருக்கீக? வேப்பம்பூ வாசல்ல விழுந்தாலே குத்தம் சொல்ற ஆளு." மாத்திரையை என் கையில் வைத்தாள். "நானும் வாயத் திறக்கல. அந்த ரூம்புல நானும்தான படுக்கேன்."

அடுத்த கிராம சபை சுதந்திர தினத்தன்று, இந்த முறை எங்கள் ஊரில். இரண்டாம் கட்டத் தகடுகளைக் களத்தின் வடக்குப் பாதியில் போடுவது என்று தீர்மானம் வாசித்தார்கள். கம்பெனிக்கு விடுமுறை என்பதால் பெண்கள் நிறைய வந்திருந்தார்கள். என் மாணவியும் மாமியார் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். நான் எழுந்தேன். சால்வை போடுவதற்குத்தான் எழுப்புகிறார்கள் என்று நினைத்தோ என்னவோ, முன்வரிசைக்காரர் ஒருவர் நாற்காலியை நகர்த்தி வழிவிட்டார்.

புறம்போக்கில் ஒரு மரத்தை எடுத்தால் போதும், களம் தேவையே இல்லை என்று சொன்னேன்.

பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. "ஏலே, வாத்தியாரு கணக்கத் தப்பாப் போட்டுட்டாராம்லே!"

சிரிப்பு எழுந்தது. அந்தச் சிரிப்பில் ஒளிந்துகொண்டிருக்கலாம். வயதானவன் கணக்கில் தவறினான் என்று விட்டிருப்பார்கள். யாருக்கும் கோபம் வந்திருக்காது.

"தப்பாப் போடல" என்றேன். "சரியாத்தான் போட்டேன். தெரிஞ்சே மாத்திச் சொன்னேன். என் வீட்டுக்கு நிழல் வேணும்னு சொன்னேன். களத்துல குழாய் காயுறதும் எனக்குத் தெரியும்."

யாரும் சிரிக்கவில்லை. தலைவர்தான் முதலில் பேசினார்.

"உங்க வார்த்தைய நம்பித்தான சார் கையெழுத்துப் போட்டேன். ஒத்த மரத்தக்கூட வெட்டலன்னு போற எடமெல்லாம் பெருமையாச் சொல்லிக்கிட்டுத் திரிஞ்சேனே. என்னைய என்ன நினைச்சீக?"

"வெட்டப்போற மரத்துக்கு யாரு பதில் சொல்றது, அன்னைக்கு நீங்கதான பிள்ளைக கேக்கும்னீக?" என்று அன்று கூட வந்திருந்த ஓவர்சீயர் கேட்டார். நியாயமான கேள்வி.

மாமியார் எழுந்தார். திட்டப் போகிறார் என்று தயாரானேன். அவர் என் பக்கமே திரும்பவில்லை. தலைவரிடம் மட்டும் பேசினார்.

"அவரு சோலிய விடுங்கம்மா. போட்டதப் பிடுங்க வேணாம், எங்களுக்கும் வெளிச்சம் வேணும். மிச்சம் கிடக்கிற பாதியத் தொறந்து விடுங்க. வேலிய அங்கிட்டுத் தள்ளிப் போடுங்க. அம்புட்டுத்தான்."

அப்படியே தீர்மானம் ஆனது. இரண்டாம் கட்டத் தகடுகள் புறம்போக்குக்கு மாற, தெற்கு ஓரத்து வேம்பை அனுமதி வாங்கி வெட்டினார்கள். அந்த மரத்துக்கு நான் செய்தது என்ன என்று இன்னும் தெளிவாகத் தெரியவில்லை. முதலில் அதை எனக்காகக் காப்பாற்றினேன். பிறகு என் மனசாட்சிக்காக வெட்டக் கொடுத்தேன். இரண்டு தடவையும் மரத்தை நினைக்கவில்லை. வெட்டுகிற அன்று காக்கைகள் சாயங்காலம் வரை கத்தின. கிளை கழித்த மற்ற இரண்டும் எலும்பாக நிற்கின்றன. மேற்குச் சுவர் இப்போது ஊரில் எல்லோருடைய சுவரும் போலத்தான். மத்தியானத்தில் கட்டிலை நடுக்கூடத்துக்கு இழுத்துப் போட்டிருக்கிறோம்.

வேலி நகர்ந்தது. ஏஜென்ட் தாள் கட்டை மறுபடி இறக்கினார், முன்பு போல் அத்தனை வீடுகளுக்கு அல்ல. பாதிக் களத்துக்கு எவ்வளவு காயுமோ அவ்வளவுக்கு. களத்தில் வெள்ளைக் குழாய்கள் பரவியதைப் பார்த்த அன்று நிறுத்தத்துக்குப் போய்க் காத்திருந்தேன். வேனிலிருந்து அவள் இறங்கியதும் கேட்டேன்.

"இனி இந்த வேன்ல போக வேண்டாம்லம்மா? களம்தான் வந்திருச்சே."

அவள் சோற்று வாளியை இடுப்பில் மாற்றிக்கொண்டாள். விரல் இடுக்குகளில் மருந்தின் சாம்பல் நிறம்.

"களம் அத்தைக்கு வந்திருச்சு சார். நான் போகத்தான் செய்வேன்."

"ஏன்?"

"வீட்ல உருட்டுன காலத்துல காசு என் கையில வந்ததே இல்ல. ஏஜென்ட் அத்தைட்டக் குடுப்பாரு, அத்த எங்க வீட்டுக்காரர்ட்டக் குடுப்பாக. இப்ப என் பேர்ல பேங்குல விழுது. பி.எஃப். பிடிக்கிறாக. வேன்ல பேச ஆளு இருக்கு."

"பயமா இல்லையா?"

"பயம் இல்லாம இருக்குமா சார்? உள்ள போறப்ப ஒரு மாதிரியாத்தான் இருக்கும். அப்புறம் வேல ஓடிரும்." சிரித்தாள். "அதான் எனக்கும் சேத்து நீங்க தினமும் இங்கன நின்னு பயப்படுறீகளே."

அவள் போய்விட்டாள். நான் அங்கேயே நின்றேன். அவள் வீட்டில் இருந்தால் நான் நிம்மதியாகத் தூங்கலாம். அதற்காகத்தான் கேட்டிருக்கிறேன். இதற்கும் முன்பு செய்ததற்கும் பெரிய வித்தியாசம் இல்லை என்று நடந்து வரும்போது தோன்றியது. உண்மையைச் சொல்லிவிட்டால் போனது திரும்பி வரும் என்று ஏதோ ஒரு மூலையில் நம்பியிருந்திருக்கிறேன். திரும்பி வந்தது பாதிக் களம் மட்டும். நான் சொன்ன பொய்யால் அவளுக்கு ஒரு வாழ்க்கை தொடங்கி, அவள் அதற்குள் போய்விட்டாள். அங்கிருந்து அவளைக் கூப்பிட எனக்கு உரிமை இல்லை. அங்கே ஏதாவது நடந்தால் எனக்குப் பங்கில்லை என்று சொல்லவும் முடியாது.

தீபாவளிக்கு முந்தைய சீசன் இது. ஓவர்டைம் என்று வேன் தாமதமாக வருகிறது. நேற்றும் அப்படித்தான். நான் நிறுத்தத்துக்கும் புளியமரத்துக்குமாக நடந்துகொண்டிருந்தேன். களத்தில் மாமியார் தனியாகக் குழாய்களை அள்ளிக்கொண்டிருந்தார். கிராம சபைக்குப் பிறகு அவர் என்னிடம் நேராகப் பேசியதே இல்லை.

"சாரு" என்று கூப்பிட்டார். "நீங்க அங்கிட்டும் இங்கிட்டும் நடக்கிறதப் பார்த்து எனக்குத் தல சுத்துது. சும்மா நடக்கிறதுக்கு இதுல ரெண்டு கூடை அள்ளுங்க. பனி இறங்கிரும்."

செருப்பைக் கழற்றிவிட்டுக் களத்துக்குள் போனேன். சிமெண்டு இன்னும் சுட்டது. குனிந்து அள்ள வரவில்லை, உட்கார்ந்துகொண்டேன். குழாய்கள் எடையே இல்லாமல் இருந்தன. வளைந்ததை ஒதுக்கி, நேரானதை மட்டும் கூடையில் போடச் சொன்னார். ஒவ்வொன்றாகக் கண்ணுக்கு நேரே பிடித்துப் பார்த்தேன். ஓட்டை வழியே ரோடு தெரிந்தது. வேன் இல்லை. அடுத்த குழாய். அதிலும் இல்லை.

"குழாயப் பாருங்க சாரு, ரோட்டப் பாக்காதீக" என்றார். அவரும் ரோட்டைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

தெருவிளக்குகள் எரியத் தொடங்கின. கடைசியில் வேன் திருப்பத்தில் வந்து நின்றது. பெண்கள் பேசிக்கொண்டே இறங்கினார்கள். அவள் கடைசியாக இறங்கினாள். களத்தில் கூடையோடு உட்கார்ந்திருந்த என்னைப் பார்த்ததும் ரோட்டிலிருந்தே சத்தம் போட்டாள்.

"யத்தே! சாருக்குக் கூலி பேசினீகளா இல்லையா?"

"இவரு வளைஞ்சதயெல்லாம் நல்ல கூடையில போட்டு வச்சிருக்காரு. இவருக்குக் கூலி வேறயா?"

வேனில் இருந்தவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்திருப்பேன் போல. கூடையைக் கவிழ்த்து முதலிலிருந்து பிரித்தோம், அவளும் உட்கார்ந்து. அவள் கை என் கையைவிட வேகமாக ஓடியது. முடித்து எழுந்தபோது, நாளைக்கு வேன் சீக்கிரமே வரும் என்று அத்தையிடம் சொல்லிக்கொண்டே போனாள். காலையில் எழுப்பிவிடச் சொன்னாள்.